கையின் இரத்த அமுக்கமும் இருதயத்தின் இரத்த அமுக்கமும்

வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து, பிரசாதமும் வாங்கி, வாசலில் சப்பாத்துத் தேடும் நேரத்தில் நம்மவர் பேசிக்கொள்ளும் விஷயங்கள் பல. பிள்ளைகளின் சோதனை முடிவு, ஊர்ப் பயணம், வீட்டு விலை ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக வருவது பிரஷர்.

"உங்களுக்கு எவ்வளவு அண்ணை?"

"140க்கு 80. டொக்டர் குளிசையைக் கூட்டிவிட்டார்."

"எனக்கும் அதே 140தான். என்ரை டொக்டர் ஒன்றும் செய்யவில்லையே!"

இருவருக்கும் எண் ஒன்றுதான். ஆனால் இருவரது இருதயமும் ஒரே பாரத்தைத்தான் சுமக்கின்றனவா? அப்படி இல்லாமலும் இருக்கலாம் என்பதே கடந்த சில பத்தாண்டுகளில் நடந்த ஆராய்ச்சிகள் தரும் விடை.

இரத்த அமுக்கம் என்று பொதுவாகச் சொல்லப்படுவது மேற்கையில் பட்டி கட்டி அளக்கப்படும் அமுக்கமாகும். இருதயம் சுருங்கும்போது ஏறும் உச்ச அளவு மேல் எண். அது தளர்ந்து ஓய்ந்திருக்கும்போது இறங்கி நிற்கும் அளவு கீழ் எண். இரண்டும் இரச மில்லிமீற்றர்க் கணக்கில் சொல்லப்படும். (இங்கே இரசம் என்பது பாதரசம், வாழையிலைக்கு வரும் ரசம் அன்று.) ஆனால் இருதயம் இரத்தத்தைக் கைக்குள் தள்ளுவதில்லை. அதன் இடது அறை தள்ளுவது நேரே பெருநாடிக்குள்ளேயாகும். அங்கே நிற்கும் அமுக்கத்துக்கு எதிராகத்தான் அது நாளொன்றுக்கு ஏறக்குறைய 100,000 தடவை சுருங்கவேண்டியிருக்கிறது. மூளைக்கும் சிறுநீரகங்களுக்கும் இருதயத்தின் சொந்தத் தசைக்கும் இரத்தம் கொண்டுபோகும் நாடிகள் பெருநாடியிலிருந்தோ அதற்கு மிக அருகிலிருந்தோ பிரிகின்றன. ஆகவே பாரிசவாதம், சிறுநீரகக் கெடுதி, இருதயத் தசை தடித்தல் ஆகியவற்றைப் பற்றிக் கேட்கவேண்டிய எண் உண்மையில் பெருநாடியின் எண்ணேயாகும். அதையே வைத்தியர்கள் மத்திய இரத்த அமுக்கம் என்பர்.

முன்னெல்லாம் அந்த எண்ணை அறிய ஒரே வழிதான் இருந்தது. தொடை நாடியிலோ கை நாடியிலோ துளையிட்டு, மெல்லிய குழாயைப் பெருநாடி வரை செலுத்தவேண்டும். பிரஷர் பார்க்க வந்தவருக்கு இதைச் செய்ய எவரும் துணியமாட்டார். இன்று தோலைத் துளைக்காமலே, சில நிமிஷங்களில், அந்த எண்ணைக் கணித்துத் தரும் கருவிகள் வந்துவிட்டன.

கேணியில் ஓடும் அலை

பம்பியிலிருந்து தூரம் போகப் போக அமுக்கம் குறையவேண்டும் என்றுதான் தோட்டத்துக்குக் குழாய் பிடித்த எவரும் நினைப்பர். மனித உடலில் மேல் எண் அப்படி நடப்பதில்லை. இளவயதினரில் கையின் மேல் எண் பெருநாடியின் மேல் எண்ணைவிட 10 அல்லது 20 மில்லிமீற்றர், சிலவேளை அதற்கும் அதிகமாக இருக்கும். கீழ் எண் இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒன்றே. இது எப்படி என்பதை ஊர்க் கோயிற் கேணியில் குளித்தவர்கள் எளிதில் விளங்கிக்கொள்ளலாம்.

கேணிப் படியில் நின்று தண்ணீரை உள்ளங்கையால் ஒரு தள்ளுத் தள்ளினால் ஓர் அலை எதிர்ச் சுவரை நோக்கி ஓடும். தண்ணீர் அவ்வளவு தூரம் போவதில்லை, அலைதான் போகிறது. சுவரில் பட்டு அது திரும்பும். சுவரோரம் நிற்பவரின் காலில், போகும் அலையும் திரும்பும் அலையும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி உயரமாக அடிக்கும். தள்ளியவரின் காலுக்கோ திரும்பும் அலை பிந்தி, தணிந்துதான் வரும். இங்கே தள்ளியவர் இருதயம். சுவரோரம் நிற்பவர் கை. நாடிகள் கிளைத்துக் குறுகும் இடங்களே எதிர்ச் சுவர்.

இளமையில் பெருநாடி மெத்தென்று விரிந்து கொடுக்கும். அதில் அலை செக்கனுக்கு 5 மீற்றர் அளவில் ஓடும். அது திரும்பி வரும்போது இருதயம் தன் தள்ளலை முடித்து வால்வையும் மூடியிருக்கும். அந்தப் பிந்திய அலை அப்போது உபகாரமே செய்கிறது. ஏனெனில் இருதயத் தசைக்குரிய இரத்தம் பெரும்பாலும் இருதயம் ஓய்ந்திருக்கும் வேளையில்தான் பாய்கிறது. திரும்பிய அலை அதற்கு ஓர் உந்துதல் கொடுக்கிறது. வயது ஏற ஏற, நீரிழிவும் புகைத்தலும் சேரச் சேர, பெருநாடி விறைத்துப்போகிறது. விறைத்த குழாயில் அலை விரைவாக ஓடும். செக்கனுக்கு 10 மீற்றரையும் தாண்டும். இப்போது திரும்பிய அலை, தள்ளுபவரின் கை இன்னும் தண்ணீருக்குள் இருக்கும்போதே வந்து மோதுகிறது. இருதயம் தானே அனுப்பிய அலையைத் தானே எதிர்த்துத் தள்ளவேண்டிய நிலை. ஓய்வு நேரத்தில் கிடைத்த உந்துதலும் போய்விடுகிறது. பாரம் கூடுகிறது, ஊட்டம் குறைகிறது. இருதயத்துக்கு இதைவிட அநியாயமான பேரம் வேறில்லை.

ஆகவே 25 வயதுப் பையனின் கையில் 140 என்றால் அவனது பெருநாடியில் 120 அளவில் இருக்கலாம். 70 வயதுப் பாட்டனாரின் கையில் 140 என்றால் பெருநாடியில் 132 அல்லது 135 இருக்கலாம். பெண்களிலும் உயரம் குறைந்தவர்களிலும் இந்த வித்தியாசம் சிறியது. சுவர் கிட்ட இருந்தால் அலை விரைவில் திரும்புமல்லவா? நம் குடும்பங்களில் ஐந்தடி உயரத்து அம்மாமார் அநேகர். அவர்களின் கையில் எழுதப்படும் எண், அதே எண் எழுதப்பட்ட ஆறடி உயரத்து ஆண்மகனின் எண்ணைவிடக் கனமானது. பிரித்தானியாவில் 10,000க்கு மேற்பட்டோரை அளந்து 2008ல் வெளியான ஆய்வொன்று இதை எண்ணிக்கையாகக் காட்டிற்று. கையின் அளவில் "சற்றுக் கூட, ஆனால் நோயென்று சொல்ல முடியாது" என்ற வகுப்பில் இருந்தவர்களில் 70 வீதத்துக்கு மேற்பட்டோரின் பெருநாடி அமுக்கம், உயர் இரத்த அமுக்க நோயின் முதற்படியில் உள்ளவர்களின் பெருநாடி அமுக்கத்தோடு கலந்து கிடந்தது.

டெடிங்டன் குருவானவரும் பட்னாக்காரரின் பேரனும்

இரத்த அமுக்கத்தை முதன்முதல் அளந்தவர் வைத்தியரல்லர், ஒரு பாதிரியார் என்பது பலருக்குப் புதுமையாக இருக்கும். தேம்ஸ் நதிக்கரை டெடிங்டனில் குருவாக இருந்த ஸ்டீபன் ஹேல்ஸ், ஒரு பெண் குதிரையைக் கட்டிக் கிடத்தி, அதன் தொடை நாடியில் பித்தளைக் குழாயைச் செருகி, அதனோடு நீண்ட கண்ணாடிக் குழாயொன்றைப் பொருத்தினார். இரத்தம் 8 அடி 3 அங்குலம் வரை ஏறி நின்று, துடிப்புக்குத் துடிப்பு ஏறி இறங்கிற்று. 1733ல் அவர் இதை நூலாக வெளியிட்டார். இரக்கமற்ற காரியந்தான், ஆனால் அளவு நேரடியான அளவு. அதற்குப் பின் வந்தவர்களின் முயற்சியெல்லாம் நாடியைத் திறவாமல் அதே செய்தியை எடுப்பது எப்படி என்பதிலேயே சென்றது.

பிரான்ஸ் தேசத்து எற்றியென் மரே 1860ல் மணிக்கட்டு நாடியின் துடிப்பைக் கோடாக வரையும் கருவியைச் செய்தார். அந்தக் கோட்டை வாசிக்கக் கற்றுக்கொடுத்தவர்களில் முன்னிற்பவர் லண்டன் கைஸ் ஆஸ்பத்திரியின் பிரெடெரிக் அக்பர் மஹமட். அவருடைய பாட்டனாரான சேக் டீன் மஹமட் இந்தியாவின் பட்னாவில் பிறந்தவர். 1810ல் லண்டனில் இந்தியச் சாப்பாட்டுக் கடை திறந்தவர். பின்னர் பிறைற்றனில் நீராவிக் குளியலும் எண்ணெய்த் தேய்ப்பும் நடத்திப் பெயர் பெற்றவர். பேரன் 1849ல் பிறைற்றனில் பிறந்தார். மாணவனாக இருக்கும்போதே மரேயின் கருவியைத் திருத்தி, நாடியின்மேல் எவ்வளவு அமுக்கம் கொடுக்கப்படுகிறது என்பதையும் அளக்கத்தக்கதாக ஆக்கினார்.

உயர் அமுக்கம் உள்ளவர்களின் நாடிக்கோட்டில் உச்சிக்குப் பின்வரும் மேடு பெரிதாகி, அலை நெடுநேரம் உயர்ந்தே நிற்பதை அவர் கண்டார். சிறுநீரில் ஒரு குற்றமும் தோன்றாதவர்களிலும் அந்த வடிவம் காணப்பட்டது. சிறுநீரகம் கெட்டால்தான் அமுக்கம் உயரும் என்று நம்பிய காலத்தில், அமுக்கம் முதலிலும் கெடுதி பின்னரும் வரலாம் என்று அவர் எழுதினார். இன்று திரும்பும் அலையின் கையெழுத்து என்று சொல்லப்படுவதைத்தான் அவர் கண்டார் என்று இக்கால ஆய்வாளர்கள் மதிக்கின்றனர். 1884ல், 35 வயதில், நெருப்புக்காய்ச்சலால் இறந்துபோனார். இன்னும் 30 ஆண்டு இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே தேவை இருந்திராது எனலாம்.

பின்பு நடந்தது எளிமையின் வெற்றி. 1896ல் இத்தாலியின் ரியூறின் நகரில் ரீவா ரோச்சி கைப்பட்டியைக் கொண்டுவந்தார். 1905ல் ருஷ்ய வைத்தியர் கொறொட்கொவ் அதன் கீழே குழாய் வைத்துச் சத்தம் கேட்டு மேல் எண், கீழ் எண் இரண்டையும் பிடிக்கும் முறையைச் சொன்னார். எந்த வைத்தியரும் சிறிது நேரத்தில் கற்றுக்கொள்ளக்கூடிய முறை. கோட்டை வாசிக்கும் கலை கைவிடப்பட்டது. இரண்டு எண்கள் எஞ்சின. அந்த இரண்டு எண்களால் கோடிக்கணக்கானோர் உயிர் தப்பினர் என்பதையும் மறக்கக்கூடாது. இருந்தும், அலையின் வடிவம் சொன்ன செய்தி ஏறக்குறைய 80 ஆண்டுகள் மேசை லாச்சிக்குள் கிடந்தது.

அதை மீண்டும் வெளியே எடுத்தவர்களில் முதன்மையானவர் அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரில் சென் வின்சென்ற் ஆஸ்பத்திரி இருதய வைத்தியரான மைக்கேல் ஓ ரூர்க். கண் வைத்தியர் கண்ணின் அமுக்கத்தைப் பார்க்க அதன் மேற்பரப்பைச் சற்றுத் தட்டையாக்குவதுபோல, பென்சில் வடிவான கருவியால் மணிக்கட்டு நாடியை எலும்பின்மேல் மெல்லத் தட்டையாக்கினால், நாடிக்குள் நடக்கும் அலை அப்படியே பதிவாகும். அதிலிருந்து பெருநாடியின் அலைக்குப் போவது எப்படி? குழாய் செலுத்திச் சோதிக்கப்பட்ட நோயாளர்களில் பெருநாடி அலையையும் கையின் அலையையும் ஒப்பிட்டு, ஒன்றிலிருந்து மற்றதைக் கணிக்கும் கணித விதியை அவருடைய குழுவினர் 1993ல் வெளியிட்டனர். பெருநாடி வயதோடு விறைக்கும் அளவுக்குக் கையின் நாடிகள் விறைப்பதில்லை. ஆகையால் ஒரே விதி பெரும்பாலான வளர்ந்தவர்களுக்குப் பொருந்திவருகிறது.

மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து நாடி பார்த்த ஊர்ப் பரியாரியாரை நினைவில் வைத்திருப்போர், "இதைத்தானே அவர் அன்றைக்கே செய்தார்" என்று சொல்லக்கூடும். விரல் வைத்த இடம் ஒன்றுதான். அவர் தேடியது வாத பித்த கபம். இக்கருவி தேடுவது அலையின் உயரமும் நேரமும். இரண்டையும் ஒன்றென்று சொல்லி மகிழ்வது இருவருக்கும் நியாயமாகாது.

பரிசோதனைக்குப் போகிறவருக்கு இதில் நோவொன்றும் இல்லை. சில நிமிஷம் அமைதியாக இருக்கவேண்டும். முதலில் வழக்கம்போல் கையில் பட்டி கட்டி அளப்பார்கள். பின்பு மணிக்கட்டில் பென்சிலை வைத்துச் சில செக்கன்களுக்கு அலையைப் பதிவார்கள். கணனி சராசரி எடுத்து, பெருநாடியின் எண்ணையும் திரும்பிய அலை அதை எவ்வளவு உயர்த்திற்று என்பதையும் தாளில் தரும். புதிய கருவிகள் சிலவற்றில் பென்சிலும் இல்லை. கைப்பட்டியே அளவை முடித்தபின் மீண்டும் சற்று ஊதி நின்று அலையைப் பிடித்துக்கொள்கிறது.

ஒரு குளிசையின் கதை

இதெல்லாம் ஆராய்ச்சிக்காரரின் பொழுதுபோக்கா, நோயாளிக்கு ஏதும் பயன் உண்டா என்ற கேள்வி எழும். அத்தெனலோல் என்ற குளிசையின் கதை அதற்கு ஓரளவு விடை சொல்லும். இருதயத் துடிப்பை மெதுவாக்கி அமுக்கத்தைக் குறைக்கும் அந்தக் குளிசையை வருஷக் கணக்காகப் போட்ட அங்கத்தவர்கள் ஒவ்வொரு சங்கத்திலும் இருப்பர்.

பிரித்தானியாவிலும் ஸ்கன்டிநேவிய நாடுகளிலும் 19,257 நோயாளர்களை இரண்டு பிரிவாக்கி ஒரு பெரும் பரீட்சை நடந்தது. ஒரு பிரிவுக்கு அத்தெனலோல், தேவைப்பட்டால் அதனோடு சிறுநீரைப் பெருக்கும் குளிசை. மற்றப் பிரிவுக்கு அம்லோடிப்பின், தேவைப்பட்டால் அதனோடு பெரின்டோபிறில். அம்லோடிப்பின் பிரிவில் பாரிசவாதம் 23 வீதம் குறைவாக இருந்தது. இருதய நாடி நோய்களால் நேர்ந்த இறப்பும் 24 வீதம் குறைவு. பரீட்சை குறித்த காலத்துக்கு முன்பே நிறுத்தப்பட்டு, முடிவுகள் 2005ல் வெளியாயின. இரண்டு பிரிவினரின் கை அமுக்கத்திலும் இருந்த வித்தியாசமோ மிகச் சிறிது. அவ்வளவு சிறிய வித்தியாசம் இவ்வளவு பெரிய பலனைத் தருமா என்று எல்லோரும் தலையைச் சொறிந்தனர்.

அந்த நோயாளர்களில் 2,073 பேருக்கு மணிக்கட்டுக் கருவியால் பெருநாடி அமுக்கமும் கணிக்கப்பட்டிருந்தது. அந்தக் கணக்கு 2006ல் வந்தது. கையில் இரு பிரிவுக்கும் வித்தியாசம் 0.7 மில்லிமீற்றர், இல்லையென்றே சொல்லலாம். பெருநாடியிலோ அம்லோடிப்பின் பிரிவினரின் மேல் எண் 4.3 மில்லிமீற்றர் குறைவாக இருந்தது. அத்தெனலோல் கையின் எண்ணை அழகாகக் குறைத்து வைத்தியரைத் திருப்திப்படுத்திற்று. இருதயத்தின் பாரத்தை அந்த அளவுக்குக் குறைக்கவில்லை. துடிப்பு மெதுவானபோது ஒவ்வொரு தள்ளலும் நீண்டது. நீண்ட தள்ளல் முடியுமுன் திரும்பிய அலை வந்து சேர்ந்துவிட்டது. அதே 2006ல் இங்கிலாந்தின் வைத்திய வழிகாட்டிக் குழு, உயர் இரத்த அமுக்கத்துக்கு முதலிற் கொடுக்கும் மருந்துகளின் வரிசையிலிருந்து அத்தெனலோல் வகையை விலக்கியது. பெருநாடி அளவு ஒன்றே அதற்குக் காரணம் என்று சொல்லமுடியாது. ஆனாலும் ஏன் அப்படி நடந்தது என்பதற்கு அது நல்ல விளக்கம் தந்தது.

இதை வாசித்துவிட்டு எவரும் இன்றிரவே அந்தக் குளிசையை நிறுத்திவிடக் கூடாது. மார்புவலி, மாரடைப்புக்குப் பிந்திய காலம், இருதயம் பலவீனமடைதல், துடிப்பு ஒழுங்கீனம் ஆகியவற்றுக்கு இந்த வகை மருந்துகள் இன்றும் உயிர் காப்பவை. திடீரென நிறுத்துவது மார்புவலியையும் மாரடைப்பையும் கொண்டுவரலாம். வகைக்குள்ளேயே நாடிகளை விரிக்கும் புதிய மருந்துகளும் உண்டு. அவை பெருநாடியில் அத்தெனலோல் மாதிரி நடப்பதில்லை.

மார்புவலிக்கு நாக்கின் கீழ் வைக்கும் நைற்றிரேற் மருந்து இதற்கு நேர் எதிரான உதாரணம். அதை வைத்தபின் கையில் அளந்தால் மேல் எண் சிலவேளை சொற்பமே இறங்கும். பெருநாடியிலோ திரும்பும் அலை தணிந்து எண் நன்றாக இறங்கியிருக்கும். 1879ல் லண்டனில் வில்லியம் மறெல் என்ற வைத்தியர் இம்மருந்தைப் பற்றி எழுதியபோது நாடிக்கோடு மாறுவதைக் காட்டினார். கைப்பட்டி வந்தபின் அந்தச் செய்தியும் மறைந்தது.

சந்தேகங்கள்

அப்படியானால் எல்லோரும் இந்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்கவேண்டுமா? வேண்டியதில்லை என்பதே இன்றைய நிலையில் நேர்மையான பதில்.

முதலாவது, கருவி அலையின் வடிவத்தைத்தான் பிடிக்கிறது. அந்த வடிவத்துக்கு எண் கொடுப்பது கைப்பட்டியில் எடுத்த அளவு. கைப்பட்டி பிழை விட்டால் பெருநாடியின் எண்ணும் அதே பிழையைச் சுமக்கும். கோணலான அடிமட்டத்தால் எவ்வளவு கவனமாகக் கோடு கீறினாலும் கோடு கோணல்தான். வெவ்வேறு கம்பனிகளின் கருவிகள் வெவ்வேறு முறையில் கணிப்பதால் ஒரே ஆளுக்கு வெவ்வேறு எண் வருவதும் உண்டு.

இரண்டாவது, வருங்கால ஆபத்தை முன்கூட்டிச் சொல்வதில் இது கைப்பட்டியை எவ்வளவு தூரம் வெல்கிறது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. அமெரிக்கப் பழங்குடி மக்களைத் தொடர்ந்து அவதானித்த ஆய்வில் 2007ல் பெருநாடி அளவே மேலானது எனக் கண்டனர். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கிரேக்க ஆய்வாளர்களுக்கு 2010ல் கிடைத்தது, நிச்சயமாகச் சொல்லமுடியாத சிறு மேன்மைதான். அமெரிக்காவின் புகழ்பெற்ற பிறாமிங்காம் ஆய்வினரோ, அதே 2010ல், வழக்கமான விபரங்களைக் கணக்கில் எடுத்தபின் பெருநாடியின் அமுக்கம் புதிதாக ஒன்றும் சொல்லவில்லை என்றனர். ஆனால் அலை ஓடும் வேகம் சொல்கிறது. கழுத்திலிருந்து தொடை வரை ஓடும் அலையின் வேகம் கூடியவர்களுக்கே மாரடைப்பும் பாரிசவாதமும் கூடுதலாக வந்தன. ஐரோப்பிய வைத்திய சங்கங்களின் 2018 வழிகாட்டியும் பெருநாடி அளவை எல்லோருக்கும் வழக்கமாகச் செய்யும்படி சொல்லவில்லை.

அவுஸ்திரேலியாவில் 286 நோயாளர்களில் நடந்து 2013ல் வெளியான ஒரு பரீட்சை வேறொரு கோணத்தைக் காட்டிற்று. பெருநாடி எண்ணைப் பார்த்து மருந்து கொடுக்கப்பட்டவர்கள், ஓராண்டின் முடிவில், மற்றவர்களைவிடக் குறைவான மருந்தே எடுத்தனர். அதனால் அவர்களது இருதயத் தசை தடிக்கவும் இல்லை. சிறிய பரீட்சைதான். இருந்தாலும் "குளிசை கூடிப்போச்சு" என்று குறைப்படும் முதியோரின் காதுக்கு இனிமையான செய்தி.

மகன்மாரின் எண்

பெருநாடி அளவு உண்மையில் முடிவெடுக்க உதவக்கூடிய ஓரிடம் உண்டு. உயரமான, மெலிந்த, விளையாட்டில் ஈடுபடும் 18, 20 வயதுப் பையன்கள் வேலைக்கோ காப்புறுதிக்கோ வைத்திய சோதனைக்குப் போனால் 148க்கு 72 என்று எழுதி அனுப்பப்படுவதுண்டு. பெற்றோர் பதறுகின்றனர். ஆயுள் முழுவதும் நோயாளி என்ற முத்திரையா? குளிசையா? இப்படியான பையன்கள் சிலரின் பெருநாடியில் பார்த்தால் 120க்கும் குறைவாக இருக்கும். கையில் அலை உயர்ந்து நிற்பதே காரணம். இதைப் பொய்யான உயர் அமுக்கம் என்று ஓ ரூர்க் 2000ல் எழுதினார். 2018 ஐரோப்பிய வழிகாட்டியும் இந்த ஒரு வகையினரில் பெருநாடி அளவு பயன்படலாம் என்று இடம் கொடுத்தது.

ஆனால் நிம்மதியாகக் கையைக் கழுவிவிடவும் முடியாது. சிக்காகோவில் சுமார் 27,000 பேரைச் சராசரி 31 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2015ல் வெளியான ஆய்வில், இளவயதில் மேல் எண் மாத்திரம் உயர்ந்திருந்தவர்களுக்கும் பிற்காலத்தில் இருதய நாடி நோயால் இறக்கும் ஆபத்து ஓரளவு கூடியே இருந்தது. பெண்களில் அது இன்னும் தெளிவு. பெருநாடி எண் குறைவாக உள்ள பையனுக்கு இன்று குளிசை வேண்டியிராது. வருஷத்துக்கு ஒருமுறை அளப்பதும் நிறையையும் உப்பையும் கவனிப்பதும் வேண்டும். பெருநாடி எண்ணும் உயர்ந்திருந்தால் அது பொய்யன்று.

கைப்பட்டியே சொல்லும் செய்தி

பெரும்பாலானோருக்கு இக்கருவி கிடைக்கப்போவதில்லை. ஆராய்ச்சி நிலையங்களிலும் பெரிய ஆஸ்பத்திரிகளின் விசேட கிளினிக்குகள் சிலவற்றிலுமே அதைக் காணலாம். அதனால் மனம் தளரவேண்டாம். சாதாரணக் கைப்பட்டியிலேயே பெருநாடியைப் பற்றிய ஒரு துப்பு ஒளிந்திருக்கிறது. அது மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் இடையிலுள்ள தூரம்.

முதியோர் பலர் சொல்வதுண்டு: "மேலே 165தான், ஆனால் கீழே 70. கீழ் எண் நல்லாய் இருக்குதென்றால் பயமில்லையாம்." இது மிகப் பழைய நம்பிக்கை. ஒருகாலத்தில் வைத்தியர்களும் அப்படித்தான் நம்பினர். நடுவயதில் கீழ் எண்ணுக்குக் கனம் உண்டு என்பது உண்மை. 60 வயதைத் தாண்டியபின் கீழ் எண் தானாக இறங்குவது பெருநாடி விறைத்துப்போனதன் அடையாளம். விறைத்த குழாய் தள்ளலின்போது விரிந்து கொடுப்பதில்லை. ஆகவே மேல் எண் ஏறுகிறது. விரியாத குழாய் ஓய்வின்போது சுருங்கி இரத்தத்தைத் தள்ளுவதும் இல்லை. ஆகவே கீழ் எண் இறங்குகிறது. 165க்கு 70 என்றால் நடுவில் 95. அந்த 95தான் ஒவ்வொரு துடிப்பிலும் மூளையின் மெல்லிய நாடிகளில் அடிக்கும் அடி. 165க்கு 95 உள்ளவரைப் பார்த்து அனுதாபப்படும் 165க்கு 70காரர், வயது ஒத்ததென்றால், தன்னைப் பார்த்தே கூடுதலாகக் கவலைப்படவேண்டியவர். வைத்தியர் மேல் எண்ணை இறக்க முயன்றால், "கீழ் எண் சரிதானே" என்று மறுக்கக்கூடாது. கீழ் எண் மிகவும் இறங்காமல் எப்படிச் செய்வது என்பதை அவர் பார்த்துக்கொள்வார்.

இந்தத் துப்புக்கு மதிப்பிருக்கவேண்டுமானால் அளவு ஒழுங்காக எடுக்கப்படவேண்டும். வீட்டில் அளப்பவர்கள் அரை மணி நேரத்துக்குக் கோப்பியும் சிகரெட்டும் தவிர்த்து, சலம் கழித்துவிட்டு, 5 நிமிஷம் கதிரையில் முதுகைச் சாய்த்து, கால் இரண்டும் நிலத்தில் படும்படி இருக்கவேண்டும். கை மேசையில், இருதயத்தின் மட்டத்தில். பட்டி கையின் பருமனுக்கு ஏற்றதாக இருக்கவேண்டும். பருத்த கையில் சிறிய பட்டி கட்டினால் இல்லாத பிரஷரெல்லாம் வரும். அளக்கும்போது தொலைபேசியில் மகளோடு கதைப்பது ஆகாது. காலையிலும் மாலையிலும் ஒரு நிமிஷ இடைவெளியில் இரண்டிரண்டு தடவை, குறைந்தது 4 நாள், கூடுமானால் 7 நாள் அளந்து, முதல்நாள் அளவைத் தள்ளிவிட்டு மிச்சத்தின் சராசரியை எடுக்கவேண்டும். வீட்டு அளவில் அந்தச் சராசரி 135க்கு 85 அல்லது அதற்கு மேல் என்றால் வைத்தியரிடம் போகவேண்டும். முதல் தடவை இரண்டு கையிலும் அளந்து பார்ப்பது நல்லது. 15க்கு மேற்பட்ட வித்தியாசம் திரும்பத் திரும்ப வந்தால் கூடிய கையின் எண்ணையே கணக்கில் எடுக்கவேண்டும், வைத்தியருக்கும் சொல்லவேண்டும். ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் சாப்பிடுகிறார்கள்.

எங்கேனும் பெருநாடி அளவு எடுக்க வாய்ப்புக் கிடைத்தவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். தாளில் இரண்டு சோடி எண்கள் இருக்கும். கையின் எல்லை வைத்தியசாலை அளவில் 140க்கு 90. பெருநாடியின் எல்லை அதுவன்று. தாய்வான் ஆய்வாளர்கள் 2013ல் முன்வைத்த எல்லை 130க்கு 90. பெருநாடியில் 134 வந்ததைக் கண்டு "140க்குக் கீழேதானே" என்று மகிழ்ந்தால் கணக்குப் பிழைத்துவிடும். அளந்த நேரத்தின் நாடித்துடிப்பு எண்ணிக்கை, எடுத்துவந்த குளிசைகளின் பெயர்கள், அளந்த கருவியின் பெயர் ஆகியவற்றை அந்தத் தாளின் ஓரத்தில் குறித்து, குடும்ப வைத்தியரிடம் கொடுத்து வைக்கவேண்டும். அடுத்த தடவை வேறோர் இடத்தில் வேறொரு கருவியில் அளந்தால், இரண்டையும் ஒப்பிட அவருக்கு அது தேவைப்படும்.